காணாப் பயனும் கைவிடாப் பணியும்

வினை செய்வோர் தம் வினையின் பயனைத் தம் கண்ணாலே காண விழைதல் மனித இயல்பு. உழவன் நட்ட நாற்று நான்கு திங்களிற் கதிராகின்றது. தச்சன் இழைத்த பலகை சில நாளிற் கதவாகின்றது. வணிகன் அந்தியிலே பேரேட்டைப் புரட்டி அன்றைய ஊதியத்தை அறிகின்றான். இவர்களுக்கு உழைப்பும் பயனும் ஒரே பார்வைக்குள் அடங்குகின்றன. ஆயின் உலகில் வேறொரு வகைப் பணியும் உண்டு. அதனைச் செய்வோர் வாழ்நாள் முழுவதும் உழைப்பர். பயன் விளைந்ததா, விளையவில்லையா என்பதை அறியாமலே மறைவர். கல்விப் பணி அத்தகையது. இத்தகைய பணியிலே ஒருவர் ஆண்டு பலவாகத் தளராது நிற்பது எங்ஙனம்? அவரைத் தாங்கி நிற்கும் ஆதாரம் யாது? இவ்வினாக்களை ஆராய்தற்கு ஏற்ற களம் ஒன்று ஈழத்தின் கீழ்க்கரையிலே உளது.

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை ஆகிய ஊர்களைக் கடந்து அட்டாளைச்சேனையை அடைகின்றது. அதற்கப்பால் அக்கரைப்பற்று. கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்வயல். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும் இந்துக்களும் அயலயலே வாழும் இக்கரை முன்னர் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாய் இருந்து, 1961 ஆம் ஆண்டிலே அம்பாறை மாவட்டத்தைச் சார்ந்தது. அட்டாளைச்சேனையிலே 1940 களின் தொடக்கத்தில் முஸ்லிம் ஆசிரியர்களைப் பயிற்றுதற்கென அரசினர் ஆசிரியர் கலாசாலை ஒன்று நிறுவப்பட்டது. கிழக்கிலங்கையின் கல்வி வரலாற்றிலே அது பெற்ற இடம் பெரிது. எனினும் ஈண்டு நாம் கருதுவது அக்கலாசாலையின் பெருமையை அன்று. அங்கே விரிவுரை ஆற்றியவர்களின் நிலையை.

பள்ளி ஆசிரியர் தம் மாணவனையேனும் கண்முன் காண்கின்றார். நேற்று எழுத்துக் கூட்டத் தெரியாதவன் இன்று ஒரு வரியை வாசிப்பதைக் கேட்கும் மகிழ்ச்சி அவருக்கு உண்டு. ஆசிரியருக்கு ஆசிரியராய் இருப்பவருக்கு அதுவும் இல்லை. அவரிடம் பயின்றவர் பயிற்சி முடிந்ததும் நாட்டின் ஏதோ ஒரு மூலையிலுள்ள சிற்றூர்ப் பள்ளிக்குச் செல்கின்றார். அங்கே ஓலைக் கூரையின் கீழிருந்து எழுதப் பழகும் குழந்தையைக் கலாசாலை விரிவுரையாளர் ஒருநாளும் காணப்போவதில்லை. அக்குழந்தையும் அவர் பெயரை ஒருநாளும் கேட்கப்போவதில்லை. பயன், செய்தவரிடமிருந்து இரண்டு படி விலகி நிற்கின்றது. ஆகவே காணாப் பயனுக்காக உழைத்தல் என்பது அக்கலாசாலையிலே எப்போதோ நேரும் இடர் அன்று. அத்தொழிலின் இயல்பே அது.

இவ்வகைப் பணியின் பயன் கண்ணுக்குப் புலனாகாமைக்குக் காரணங்கள் நான்கு எனலாம்.

முதலாவது, காலத்தின் சேய்மை. கல்வியின் விளைவு முதிர்தற்கு ஒரு தலைமுறை வேண்டும். சமூகம் ஒன்றின் மனப்பாங்கு மாறுதற்கு இரண்டு மூன்று தலைமுறைகளும் வேண்டலாம். செய்தவரின் ஆயுள் அதற்குப் போதுவதில்லை. இரண்டாவது, பல கைகளின் கலப்பு. ஒருவரின் உயர்விலே தாய், தந்தை, உபாத்தியாயர், நண்பர் எனப் பலரின் உழைப்பு ஒன்றாய்க் கலந்துள்ளது. ஆற்று நீரிலே எந்த ஓடையின் நீர் இது எனப் பிரித்துக் கூறுதல் இயலாதவாறு போல, இவர் செய்த பங்கு இவ்வளவு எனக் கூறுதலும் இயலாது. மூன்றாவது, நேராமையே பயனாய் அமைதல். இடையிலே பள்ளியை விட்டு விலக இருந்த சிறுவன் விலகாது நின்றான் எனின், அது பெரும் பயன். ஆயினும் நேராத தீமைக்கு உருவம் இல்லை. அதனைக் கண்டு வியப்பாரும் இல்லை. நான்காவது, பெற்றவரே அறியாமை. தமக்கு முதன்முதல் வாசிக்கக் கற்றுத் தந்தவர் யாவர் என்பதை நினைவில் வைத்திருப்போர் சிலரே. நன்கு கற்பிக்கப்பட்ட அறிவு கற்றவரின் இயல்பாகவே ஆகிவிடுகின்றது. அது பிறரிடம் பெற்றது என்னும் எண்ணமே தோன்றுவதில்லை.

காலத்தின் சேய்மைக்கு எடுத்துக்காட்டாக அறிஞர் சித்திலெப்பை அவர்களின் வாழ்வைக் கூறலாம். 1838 ஆம் ஆண்டிலே கண்டியிற் பிறந்த அவர் சட்டத்துறையிலே பெயர் பெற்றவர். வசதியாக வாழும் வாய்ப்புடையவர். அக்காலத்தில் இலங்கையின் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ மிஷனரிமார் கையில் இருந்தது. பிள்ளைகளின் சமயப் பற்றுக் குன்றுமென அஞ்சிய முஸ்லிம் பெற்றோர் அப்பள்ளிகளை அணுகத் தயங்கினர். அச்சம் காரணமற்றது அன்று. எனினும் அதன் விளைவாகச் சமூகம் புதுக் கல்வியினின்றும் ஒதுங்கி நின்றது. தம் சமயச் சூழலிலேயே தற்காலக் கல்வியைப் பெறலாம் என்பதைச் சமூகத்துக்கு எடுத்துரைக்கச் சித்திலெப்பை முனைந்தார். 1882 ஆம் ஆண்டிலே 'முஸ்லிம் நேசன்' என்னும் வாரப் பத்திரிகையைத் தமிழிலே தொடங்கினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883 இல் இலங்கை வந்த அறாபி பாஷாவின் நட்பு அவருக்கு ஊக்கமளித்தது. 1884 இல் கொழும்பிலே பாடசாலை ஒன்று தொடங்கப்பட்டது. போதிய ஆதரவு கிட்டாமையால் அது நிலைக்கவில்லை.

அந்த நாளில் நின்று நோக்குவோர் என்ன கூறியிருப்பர்? எழுதியவை பயன்படவில்லை, தொடங்கிய பள்ளி நிற்கவில்லை, வழக்கறிஞர் தொழிலிலே செலவிட்டிருக்க வேண்டிய காலமும் பொருளும் வீணாயின என்றே கணக்கு முடித்திருப்பர். சித்திலெப்பை அக்கணக்கை ஏற்கவில்லை. அவர் 1885 இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார். தமிழில் எழுந்த முதல் நாவல்களுள் அஃது ஒன்று. கண்டியிலே முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றுக்கும் வழிவகுத்தார். 1892 இல், அவரும் அறாபி பாஷாவும் வாப்பிச்சி மரைக்காயரும் பிறரும் கூடி எடுத்த முயற்சியினால் மருதானையிலே மீண்டும் ஒரு பாடசாலை தோன்றியது. அதுவே பின்னாளிலே ஸாஹிறாக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. ஆறாண்டுகளின் பின், 1898 இல், சித்திலெப்பை காலமானார். அவர் கண்டது சிறியதொரு பள்ளியை மட்டுமே. ரி. பி. ஜாயா அவர்கள் அதிபராய் வந்து அதனை நாடறிந்த கல்லூரியாக வளர்க்கத் தொடங்கிய 1921 ஆம் ஆண்டு, சித்திலெப்பை மறைந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே வந்தது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. 1892 இற் கூடியோர் வெறுநிலத்திலே தொடங்கவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகளாகப் பத்திரிகை வாயிலாக ஓதப்பட்ட கருத்தும், ஒருமுறை முயன்று கண்ட அனுபவமும் அவர்களுக்கு இருந்தன. தோற்ற முயற்சியும் அடித்தளத்துள் ஒரு கல்லாய்ப் புதைந்து கிடந்தது. அடித்தளத்துக் கல்லை எவரும் காண்பதில்லை என்பது உண்மை. சுவரைத் தாங்குவது அதுவே என்பதும் உண்மை.

இனிப் பல கைகளின் கலப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1911 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிலே பிறந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையாகிய அவர் இராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். 1935 இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார்; அச்சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம் அவரே. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், பர்மா ஜப்பானியர் வசமாயிற்று; அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. உணவு விளைவிக்கும் முயற்சியை விரைவுபடுத்தும் பொருட்டுக் கல்முனையிலே அவசரகாலக் கச்சேரி ஒன்று நிறுவப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்க உதவி அரசாங்க அதிபராய் அனுப்பப்பட்டவர் அஸீஸ். காடாய்க் கிடந்த நிலங்களைப் பயிர்நிலமாக்கும் வேலையை அவர் மேற்கொண்டார். நெல்லோடு அமையாது கல்வியையும் கருதினார். வசதியற்ற மாணவருக்கு உதவும்பொருட்டு அதே 1942 இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்ற வழி செய்தார். 1944 இல் அவர் அவ்விடத்தினின்றும் மாற்றலாகிச் சென்றார்.

அஸீஸ் கல்முனையிலே கழித்த காலம் இரண்டாண்டு அளவினதே. அந்நாளில் விளைந்த நெல் அந்நாளிலேயே உண்ணப்பட்டது. உண்ட சோறு சான்று கூற வருவதில்லை. எனினும் அப்பகுதியின் வறிய மாணவர் நிலையை நேரிற் கண்ட அனுபவம் அவரோடு சென்றது. 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தொடங்கப்பட்டதற்கும், 1948 இல் அவர் உயர்பதவியைத் துறந்து ஸாஹிறாக் கல்லூரியின் அதிபர் பொறுப்பை ஏற்று 1961 வரை ஆற்றிய தொண்டுக்கும் அவ்வனுபவம் உரமாயிற்று எனலாம். சித்திலெப்பை விதைத்த இடத்தில் அஸீஸ் நீர் பாய்ச்சினார். ஒருவரை ஒருவர் கண்டதில்லை.

ஆயின் இவ்வரலாற்றிலே பெயர் கூறப்படாதோர் சிலர் உளர். 1920 களிலே வண்ணார்பண்ணையில் ஒரு முஸ்லிம் சிறுவனுக்குப் பாடம் சொல்லிய ஆசிரியர்களே அவர்கள். வகுப்பிலிருந்த பிள்ளைகளுள் ஒருவனாகவே அவனை அவர்கள் கண்டிருப்பர். தாம் திருத்திய பயிற்சிப் புத்தகம் ஒருகாலம் கீழ்க்கரையின் பசி தீர்க்கும் கச்சேரிக்கும், நூற்றுக்காத தொலைவிலுள்ள ஊர்களின் வறிய மாணவருக்கும் வழிகாட்டும் என அவர்கள் எண்ணியிருக்க இயலாது. ஒரு சமயத்தாரின் பள்ளியிலே செய்யப்பட்ட நேர்மையான வேலை மற்றொரு சமயத்தாரின் மறுமலர்ச்சியிலே பயனாய் வெளிப்பட்டது. இதனை எவரும் திட்டமிடவில்லை. அன்றன்றைய பாடத்தை அன்றன்று செம்மையாய்ச் சொன்னதன்றி அவ்வாசிரியர்கள் வேறொன்றும் செய்யவில்லை, அதுவே போதியதாயிற்று.

அஸீஸ் பயின்ற வைத்தீஸ்வர வித்தியாலயத்தோடு தொடர்புடைய பெரியார் ஒருவர் அட்டாளைச்சேனைக்கு அயலூராகிய காரைதீவைச் சேர்ந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அவர் சுவாமி விபுலாநந்தர். ஸாஹிறா தோன்றிய அதே 1892 ஆம் ஆண்டிலே மயில்வாகனம் என்னும் பிள்ளைத் திருநாமத்தோடு பிறந்த அவர், துறவு பூண்டு இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளை நடத்தினார். அஸீஸ் கல்முனையிற் பணியாற்றிய காலத்திலே இருவரும் நெருங்கிப் பழகினர். அடிகள் பதினான்கு ஆண்டுகள் உழைத்து ஆக்கியது 'யாழ் நூல்'. பழந்தமிழ் யாழ் வழக்கொழிந்து நூற்றாண்டுகள் பல கழிந்துவிட்டன. அதன் ஒலியைக் கேட்டார் எவரும் இலர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனைப் பற்றி வரும் பகுதியை ஆதாரமாகக் கொண்டு, கணிதத்தின் துணையால் நரம்புகளின் அளவையும் சுரங்களையும் அவர் ஆராய்ந்தார். பேராசிரியர் பணி, பத்திரிகைப் பணி, பாடசாலைப் பணி ஆகியவற்றுக்கிடையே, உடல்நலமும் குன்றிய நிலையிலே, இவ்வாராய்ச்சி தொடர்ந்தது. 1947 சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரிலே அந்நூல் அரங்கேறியது. அதே ஆண்டு சூலை 19 ஆம் நாள் அடிகள் இறைவனடி சேர்ந்தார். நூலை முடித்தமை அவருக்கு வாய்த்தது. அந்நூல் பிற்காலத்து இசையாராய்ச்சியாளருக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதைக் காண வாய்க்கவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு எதிரே ஏறத்தாழ ஆறு வாரங்கள்!

இத்துணையும் கூறிய பின்னர் ஓர் ஆட்சேபம் எழும். அது புறக்கணிக்கத்தக்கது அன்று. சித்திலெப்பையும் அஸீஸும் அடிகளும் இன்று பெயர் சொல்லிப் போற்றப்படுவோர். அஸீஸ் 1973 இல் மறைந்த பின்னர், 1980 இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. பயன் வெளிப்பட்டமையாலன்றோ இவர்களை நாம் அறிகின்றோம்? உழைத்தும் பயன் வெளிப்படாதோர், அன்றிப் பயனே விளையாதோர், எத்தனை பேர்? அவர்களுக்கு யாது ஆறுதல்? 'என்றேனும் ஒருநாள் பலன் வரும்' என்று அவர்களுக்குக் கூறுதல் உறுதியற்ற வாக்கு. மேலும், அவ்வாறு நம்பி உழைப்பவரும் பயனையே கூலியாய் எதிர்பார்க்கின்றார். கூலி கிடைக்கும் நாளை மட்டுமே ஒத்திவைத்துள்ளார். நாள் நீள நீள அவர் மனம் கசந்துபோதல் திண்ணம்.

ஆகவே பணியிலே உறுதியாய் நிற்றற்குரிய ஆதாரத்தை வருங்காலப் பயனில் தேடுதல் ஆகாது. வேறிடத்திற் காணல் வேண்டும். இக்கரையில் அயலயலே வாழும் இரு சமூகங்களின் சமய மரபுகளும் இவ்விடயத்திலே கைகோத்து நிற்கின்றன. பகவத்கீதை கூறும் கன்மயோகம், செயலைச் செய்தவன் கையிலும் பயனை இறைவன் கையிலும் வைக்கின்றது. இஸ்லாமிய மரபோ செயலின் மதிப்பை நிய்யத்து எனப்படும் அக எண்ணத்தைக் கொண்டு அளக்கின்றது; மனிதன் இறந்த பின்னரும் அவனுக்கு நன்மை சேர்ப்பவற்றுள் பிறர் பயன்கொள்ளும் அறிவை ஒன்றாய் எண்ணுகின்றது. நிலைத்து ஓடும் தருமம் என அம்மரபு இத்தகையவற்றைப் போற்றும். முன்னது பயனிலே பற்றை விடுக என்கின்றது. பின்னது பயன் உன் கண்ணுக்கு அப்பாலும் ஓடும் என்கின்றது. சொல்லும் முறை வேறாயினும் முடிபு ஒன்றே. செய்தவன் தன் செயலுக்குத் தானே கணக்கனாய் இருக்கும் சுமையை இரண்டு மரபுகளும் அவன் தோளினின்றும் இறக்கி வைக்கின்றன. அச்சுமை இறங்கியவனுக்கு எஞ்சுவது முன்னே இருக்கும் பிள்ளையும் அன்றைய பாடமும் மட்டுமே. அவை காணக்கூடியவை, செய்யக்கூடியவை. அவற்றுக்கு உண்மையாய் இருத்தற்கு எதிர்காலத்தின் உத்தரவாதம் வேண்டுவதில்லை.

எனினும் பயன் கருதாமை என்பதனைப் பிழையாக விளங்கிக்கொள்வாரும் உளர். அது பிடிவாதம் அன்று. பத்திரிகை போதாதபோது பள்ளியையும், பள்ளி நில்லாதபோது நாவலையும், மீண்டும் பள்ளியையும் சித்திலெப்பை நாடினார். குறிக்கோள் நின்றது, வழி மாறியது. அது அசட்டையும் அன்று. பயன் கண்ணுக்குப் புலனாகும் தொழிலிலே பிழை தானே வெளிப்படும். கதவு பொருந்தாவிடின் தச்சனுக்கு அன்றே தெரியும். பயன் புலனாகாத தொழிலிலே பிழையும் புலனாவதில்லை. ஆதலின் அங்கே தரத்தைக் காக்கும் காவலன் செய்பவனின் மனச்சான்று ஒன்றே. எவரும் சோதியாத பாடத்துக்கு முன்னிரவிலே ஆயத்தம் செய்யும் ஆசிரியரிடத்தே இப்பற்றுறுதியின் முழு உருவையும் காணலாம்.

சமூகத்துக்கும் இதிலே ஒரு கடமை உண்டு. பலன் கருதாது உழைத்தல் பணியாளரின் அறம். அதனையே காரணங்காட்டி அவருக்குரிய ஊதியத்தையும் மதிப்பையும் வசதியையும் மறுத்தல் சமூகத்தின் குற்றம். தொண்டு எனப் புகழ்ந்துவிட்டு ஓட்டைக் கூரையின் கீழ் ஆசிரியரை நிறுத்துதல் புகழ்ச்சி ஆகாது. அன்றியும், பயன்பெற்றோர் அதனை உரியவரிடம் சென்று கூறுதல் எளிய செயல். ஆசிரியர் அதனை எதிர்பார்த்தல் வேண்டா. மாணவர் அதனை மறத்தலும் ஆகாது. முதிர்ந்த உபாத்தியாயர் ஒருவரின் வாயிலிலே பழைய மாணவர் ஒருவர் நிற்கும் கணத்திலே, நாம் மேலே கூறிய நான்கு திரைகளும் ஒருங்கே விலகுகின்றன.

அட்டாளைச்சேனையின் வரலாற்றோடு இதனை நிறைவு செய்தல் பொருந்தும். 1995 ஆம் ஆண்டிலே, போர்ச் சூழலிடையே, தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோற்றுவிக்கப்பட்டபோது அதற்கெனக் கட்டிடம் எதுவும் இருக்கவில்லை. அதன் முதல் வகுப்புகளுக்கு இடம் தந்தது அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வளாகமே. அடுத்த ஆண்டு அது முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பின்னர் ஒலுவிலிலே தனக்கெனக் கட்டிடங்களைப் பெற்று வளர்ந்தது. சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியரை அனுப்புதற்கென எழுந்த மண்டபங்கள் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொட்டிலாயின. 1940 களில் அங்கே கரும்பலகையின் முன் நின்றவர்கள் இதனை எண்ணியிருக்க மாட்டார். எண்ணாமையால் அவர்கள் பணி குறைந்ததும் இல்லை.

இன்று அவ்வூரிலே தேசியக் கல்வியியற் கல்லூரியும் இயங்குகின்றது. பயிற்சி முடித்த இளைஞர் தத்தம் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஏதோ ஓர் ஊரிலே முதல் நாள் வகுப்பறைக் கதவைத் திறக்கும்போது அவரைப் பயிற்றிய விரிவுரையாளர் அங்கே இருப்பதில்லை. அவ்வேளையிலே அவர் அட்டாளைச்சேனையில் அடுத்த அணியினருக்கு முதற் பாடத்தைத் தொடங்கிக்கொண்டிருப்பார்.